பின் சீட்டுக் குரல்

ஜூன் 4

அன்புள்ள சிணுங்கிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே கையெழுத்து யாருடையது என்று தெரிந்திருக்கும். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சித்தி சொல்வாளே, அதே எழுத்துதான். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

போனில் என்னை பிளாக் செய்தாய். பிறகு போனையே விற்றுவிட்டாய் என்று சித்தப்பா சொன்னார். எல்லாக் கதவையும் சாத்தின நீ தபால்காரரை மறந்துவிட்டாய். உன் ஹாஸ்டல் முகவரியை சித்தப்பாவிடம் மன்றாடித்தான் வாங்கினேன். அவர்மேல் கோபப்படாதே. சித்தி போனதிலிருந்து உன் அப்பா யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். சேனலை மூடிவிட்டேன். 'கிளட்ச் அப்பா' இனிமேல் இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் அப்பா பிள்ளைகளைத் திட்டுவது, பிரேக்கை மிதித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் போச்சு. இரண்டு வருஷ உழைப்பு. எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி.

உன் வீடியோவைத்தான் முதலில் நீக்கினேன். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அதற்குள் ஆளாளுக்கு அந்தத் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார்கள். நீ ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு "அம்மா!" என்று அலறுகிறாய். வண்டி சுவரைப் பார்த்துப் போகிறது. பின் சீட்டில் பன் பையை மடியில் வைத்துக்கொண்டு சித்தி சாவகாசமாகச் சொல்கிறாள், "நான் இருக்கேன்ல, ஓட்டு!" சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் இருந்து என்ன செய்யப்போகிறாள்! அதுதான் எல்லோருக்கும் சிரிப்பு. கப்பல் கவிழ்கிற வீடியோவுக்கும் சித்தி குரல், கூரை சரிகிற வீடியோவுக்கும் சித்தி குரல்.

இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. போடட்டுமா என்று கேட்டேன், நீ தலையாட்டினாய். சித்தியும்தான் முதல் வாரம் சிரித்தாள். கடைத்தெருவில் எல்லோரும் தன்னை அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று இரண்டு தடவை தலைவாரிக்கொண்டு போனாள். அதையெல்லாம் விட்டுவிட்டு மொத்தப் பழியையும் என் தலையில் இறக்கினால் எப்படி?

சரி, சண்டை பிடிக்க எழுதவில்லை. வெளியே சுற்றுகிற பிரதிகளை ஒவ்வொன்றாக எடுக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற நேரம் டிரைவிங் ஸ்கூலில் அப்பாவுக்குக் கை உதவி. அவர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "டெஸ்டுக்கு வரச்சொல்லு. நான் திட்டமாட்டேன்னு சொல்லு" என்கிறார். அவர் இப்போது யாரையுமே திட்டுவதில்லை. பிள்ளைகள் சைடு மிரரை உடைத்தால்கூட இறங்கிப் போய்க் கண்ணாடித் துண்டைப் பொறுக்குகிறார்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

ஜூன் 16

அக்காவுக்கு,

திட்டியாவது எழுது என்றாய். எழுதுகிறேன்.

நான் இங்கே மாத்திரை பாக்கிங் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் வரும். விளக்குக்கு அடியில் பிடித்து, ஏதாவது ஒரு குழி காலியாக இருந்தால் அந்த அட்டையை எடுத்துப் போட வேண்டும். போனை வாசலில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், காது நிறைய மெஷின் சத்தம். யார் முகமும் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

நான் தலையாட்டினேனாம். நீ கேட்ட எதற்கு நான் தலையாட்டாமல் இருந்திருக்கிறேன்? அக்கா கேட்டால் தலையாட்டுவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது உன் சௌகரியம்.

அம்மா முதல் வாரம் சிரித்தாள், உண்மை. இரண்டாவது வாரம் என்ன ஆச்சு என்று எழுதாமல் விட்டுவிட்டாயே? அவளிடம் இருந்தது பட்டன் போன். "எத்தனை பேர் உங்களைப் பாக்கறாங்கன்னு நீங்களே பாருங்க சித்தி" என்று பெரிய போன் வாங்கிக் கொடுத்தது நீ. கமெண்ட் எங்கே இருக்கும் என்று விரலைப் பிடித்துக் காட்டினதும் நீ. அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நாம் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போவதை அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். தகரத்தைத் தேய்க்கிற குரல். இது பல்லா, பழைய வேலியா. இந்த வாயை யாராவது மூடித் தொலைங்கப்பா. "இதுல வேலின்னா என்னடி?" என்று என்னிடம் கேட்டாள். ஒன்றுமில்லைம்மா என்றேன். நான் சொன்ன விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறவள், பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள். காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டினபோதுகூட மூச்சு வாங்குகிறது என்று வாய்திறந்து சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கே தாமதமாகத்தான் போனோம். அங்கே பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒரு பையன், "நீங்க அந்த அம்மாதானே? ஒரே ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று போனை நீட்டியிருக்கிறான். இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு யாரிடமும் வராது. நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, கையால் வாயை மூடிக்கொண்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு இருமினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம் அந்த நாள். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ பொழுது போகாமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து அந்தக் குரல் வந்தது. நான் இருக்கேன்ல, ஓட்டு. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உன்னை வெளியே போகச் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். எழுதாதே.

சிணுங்கி என்றும் கூப்பிடாதே. அது அம்மா வைத்த பேர்.

*

ஜூன் 27

அன்புள்ள தங்கைக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

உன் கடிதத்தை ஸ்கூல் காரில் உட்கார்ந்து படித்தேன். அடுத்து வண்டி பழக வேண்டிய பையன் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினான். எனக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

அந்த வேலி கமெண்ட் எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தெரியும். படித்தேன். சித்தி படிப்பதற்கு முன்னாலேயே படித்தேன். அழித்திருக்கலாம், ஒரு தட்டுதான். ஆனால் கமெண்ட் கூடக் கூடத்தான் வீடியோ இன்னும் நாலு பேரிடம் போகும். திட்டுகிற கமெண்ட்டும் கணக்கில் சேரும். அதனால் விட்டுவைத்தேன்.

உனக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியவில்லை. பார்த்தவர்கள் எண் ஏறும்போது யாரோ தலையைத் தடவிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். சாப்பிடும்போது அதைத்தான் பார்ப்பேன். கை கழுவின பிறகு இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எண் ஏறாத நாளில் அப்பாவிடம் எரிந்து விழுவேன். "என்னப்பா, இன்னைக்கு நீங்க சரியாவே திட்டல" என்பேன். பெண் முகம் வாடக் கூடாது என்று மனிதர் மறுநாள் கூடுதலாகத் திட்டுவார். சும்மா இருந்த பிள்ளைகளையும் திட்டினார். இருபத்துமூன்று வயதில் எனக்கு வேறு சந்தோஷமே தெரியாது என்றால் நம்புவாயா? இப்போது சேனல் இல்லை. கை மட்டும் பழக்க தோஷத்தில் பைக்குள் போய்விட்டு வெறுமனே திரும்பி வருகிறது.

பிரதிகளை எடுக்கிற வேலை நடக்கிறது. போட்டவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதுகிறேன். ஒரு பையன் உடனே பதில் போட்டான். "தூக்கிட்டேன்கா, சாரிக்கா. அவங்க நிஜமாவே இல்லையா?" என்று கேட்டான். இன்னொருத்தன், அவங்க செத்துப்போன விஷயத்தை வைத்து ஒரு வீடியோ போடட்டுமா, நன்றாக ஓடும் என்றான். அவனைக் கன்னாபின்னாவென்று திட்டி எழுதினேன். எழுதி முடித்தபிறகுதான் தெரிந்தது, ஆறு மாதத்துக்கு முன்னால் நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். இனி யார் போனிலிருந்தும் அந்தச் சத்தம் உன் காதில் விழாது. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

இது உன் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

ஹாஸ்டல் அறையில் நாங்கள் நாலு பேர். ஒருத்தி நல்ல உயரம். நெட்டை என்றுதான் கூப்பிடுகிறோம், அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள். லேபிள் ஒட்டுகிற இடத்தில் வேலை. வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குப்புற விழுந்து போனைப் பார்ப்பாள். போன வாரம் அவள் போனிலிருந்து அம்மா பேசினாள். யாரோ படிக்கட்டில் உருண்டு விழுகிற வீடியோவாம். நெட்டை சிரித்தாள். நான் துணி காயப்போடுகிற மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அங்கே நின்று, அம்மா பேசின வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டது. அப்பாவோடு சண்டை போட்டது. என்னைச் சிணுங்கி என்று கூப்பிட்டது. சொன்ன சொல் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. குரலை வரவழைத்தால் அந்த ஒரு வரிதான் வந்து நிற்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு மற்றதெல்லாம் அழிந்துபோச்சு. பெற்ற பெண்ணுக்கும் நெட்டைக்கும் என் அம்மாவைப் பற்றித் தெரிந்தது ஒரே அளவு என்றால் எப்படி அக்கா?

இன்னொன்று. பெரியப்பா வண்டியை நிறுத்தின பிறகு அம்மா முன்பக்கம் சாய்ந்து என் தோளில் கை வைத்து ஏதேதோ பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். நான் காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன், ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நீ எப்போதும் வகுப்பு முழுவதையும் எடுப்பாய், பிறகுதான் வெட்டுவாய். அந்த முழுப் பதிவு உன்னிடம் இருக்கும். பென் டிரைவில் போட்டுத் தபாலில் அனுப்பு. ஹாஸ்டல் ஆபீசில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வார்டனைக் கேட்டுக்கொள்வேன்.

அனுப்பினால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. இருந்தாலும் அனுப்பு. எனக்கு அம்மா பேசுவதைக் கேட்க வேண்டும்.

*

ஜூலை 18

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அந்தப் பதிவு இல்லை. அழித்துவிட்டேன். சேனலை மூடின அன்றைக்கே கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தையும் சேர்த்து அழித்தேன். செய்த பாவத்தை வேரோடு பிடுங்கி எறிகிறோம் என்று நினைத்துத்தான் செய்தேன். அதில் சித்தி அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள், அது உனக்கு வேண்டியிருக்கும் என்று அந்த நேரத்தில் புத்தியில் தட்டவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "அதுமேல வேற என்னென்னவோ ஏத்தியிருக்கீங்க. சிலேட்டை அழிச்சுட்டு வேற எழுதினப்புறம் பழசு வருமாம்மா?" என்றார். இன்னொரு கடையிலும் அதேதான்.

உனக்குக் கொடுக்க ஒரே ஒரு நல்ல சேதிதான் இருக்கிறது. அந்தக் குரல் எங்கள் வண்டியில் எடுத்தது, உரிமை என்னுடையது என்று காட்டி அந்த ஆப் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தேனா, கடைசியில் குரலையே மொத்தமாக நீக்கிவிட்டார்கள். இனி அந்த வீடியோக்கள் ஓடினாலும் சத்தம் வராது. நெட்டையின் போனிலும் வராது. இனி நீ மொட்டைமாடிக்கு ஓட வேண்டாம்.

அப்பா கேட்டார், "அவளுக்கு எழுதறியா?" ஆமாம் என்றேன். "பின் சீட்டுல அந்தப் பன் துணுக்கு இன்னும் கிடக்குன்னு எழுது" என்றார். அவர் பின் சீட்டைப் பெருக்குவதே இல்லை.

அக்கா

*

ஜூலை 27

அக்கா,

உன் நல்ல சேதி, உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நெட்டை போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா சவுண்டைத் தூக்கிட்டாங்கடி. இப்ப பாத்தா ஊமைப்படம் மாதிரி இருக்கு" என்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த வண்டி வீடியோதான், அம்மா இருந்தாள். கையால் வாயை மூடிக்கொள்ளாத அம்மா. வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

உயிரோடு இருந்தபோது ஒரு தடவை அவள் வாயை மூடினாய். செத்த பிறகு இன்னொரு தடவை. யாரைக் கேட்டுக் குரலை எடுத்தாய்? போடுவதற்கு முன்னால் என்னைக் கேட்டாய் என்று பெருமையாக எழுதினாயே, எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டாமா? எனக்கு நல்லது என்று நீயே முடிவு பண்ணி, நீயே செய்து, நீயே அழுகிறாய். எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டாயா?

நான் வேலை செய்கிற இடத்தில் காலிக் குழியைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். உன் கடிதத்திலும் ஒரு குழி காலியாக இருக்கிறது. நீ எதையும் அழிக்கிற ஆளே இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த மங்கின போட்டோவைக்கூட மூன்று இடத்தில் வைத்திருப்பாய். கேமராவைத் தரையைப் பார்த்துப் பிடித்து எடுத்ததைக்கூடத் தூக்கிப் போடமாட்டாய். 'என்னைக்காவது உதவும்' என்பாய். பாவத்தைக் கழுவ வேண்டும் என்றால் சேனலை மூடினால் போதும். யாரும் பார்க்காத மூலத்தை எதற்கு அழித்தாய்? அதில் என்ன இருந்தது?

வெட்டும்போது திரும்பத் திரும்பக் கேட்டிருப்பாய். உனக்கு மனப்பாடமாகத் தெரியும். அம்மா என்ன பேசினாள் என்று எழுது. ஒன்று விடாமல் எழுது. அழகுபடுத்தாதே.

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுகிறேன். அழகுபடுத்தாமல் எழுதுகிறேன்.

அப்பா தன் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு என்று உனக்கும் எனக்கும் தெரியும், சித்திக்குத் தெரியாது. சுவருக்கும் வண்டிக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். அப்பா திட்ட வாயெடுத்தார், அதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"அத்தான், அவளைத் திட்டாதீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. வீட்டுல சும்மா கிடக்காம நான்தான் வர்றேன்னு ஒட்டிக்கிட்டு வந்தேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் உன் தோளில் கையை வைத்தாள்.

"கையை எடுடி. கண்ணைத் தொறந்து பாரு. சுவரு அங்கேயே நிக்குது, நாம இங்கேயே இருக்கோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

நீ அழுகையை நிறுத்தவில்லை.

"நடக்கப் பழகினப்பவும் இவ இப்படித்தான் அத்தான். விழறதுக்கு முன்னாடியே அழுதுடுவா. விழுந்தப்புறம் பாத்தா, சிரிச்சுக்கிட்டு எந்திரிப்பா. விழறதுக்கு இவளுக்குப் பயமே கிடையாது. விழப்போறோமேன்னுதான் பயம்."

கொஞ்ச நேரம் உன் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். பை சரசரக்கிற சத்தம் கேட்கும். பிறகு குரலைத் தணித்து உன்னிடம் மட்டும் சொன்னாள்.

"எனக்கு மட்டும் பயமில்லன்னா நெனச்ச? ரெண்டு பேரும் கத்தினா வண்டிய யாரு ஓட்டுறது? அதான் நான் இருக்கேன்னு சொல்லிவெச்சேன். நான் இருந்து என்னத்தக் கிழிக்கப்போறேன்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பின்னால் எல்லோரும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பை முதலில் சிரித்தது அவள்தான். அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"இந்தா, பன்னைத் தின்னு. அழுதா பசிக்கும். அத்தான், உங்களுக்கும். இவ நல்லா ஓட்டக் கத்துக்கிட்டு ஒரு நாள் என்னை எங்கேயாவது தூரமாக் கூட்டிட்டுப் போவா பாருங்க. எங்கேன்னுகூடக் கேக்கமாட்டேன். பின்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டே வருவேன்."

நீ ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டே இன்னொரு கையால் பன்னை வாங்கினாய். அது உனக்கு ஞாபகம் இருக்காது.

இத்தோடு நிறுத்திவிடலாமா என்று பேனாவை மூடி வைத்தேன். ஒன்று விடாமல் எழுது என்றாய். காலிக் குழியைக் கண்டுபிடித்துவிட்டாய், இனி மூட முடியாது.

கடைசியில் சித்தி நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். அதாவது என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன், அவளுக்கு கேமராவைப் பார்த்துப் பேசினால்தான் எனக்குக் கேட்கும் என்று நினைப்பு.

"ஏய் கேமராக்காரி, எல்லாத்தையும் போட்டுக்கோ, பரவால்ல. எம்பொண்ணு அழறத மட்டும் வெட்டிடு. நாலு பேரு பாத்தா பாவம், அவளுக்கு வெக்கமா இருக்கும்."

நான் "சரி சித்தி" என்றேன். என் குரலும் அதில் பதிவாகியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே வெட்ட உட்கார்ந்தேன். நீ அழுததை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டினேன். அவள் சொன்னது மறந்துபோய் இல்லை. அழுகை ஓடும், ஆறுதல் ஓடாது என்று எனக்குத் தெரியும்.

வீடியோ வந்த அன்றைக்கு சித்தி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சிரித்தாள் என்கிறாய், நான் சிரித்தாள் என்கிறேன். சிரிப்பதற்கு முன்னால் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். உன்னிடம் இதைச் சொல்லவே இல்லை பார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தப் பதிவை என்றைக்காவது நீ கேட்டுவிடுவாய் என்று பயந்துதான் அழித்தேன். பாவத்தைக் கழுவ இல்லை. சித்திக்காகவும் இல்லை, உனக்காகவும் இல்லை. எனக்காக அழித்தேன்.

இனி நீ எழுதாவிட்டால் அது நியாயம்தான். ஆனால் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அக்கா,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும்போது சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். காகிதம் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டிருந்தால் வேலை போயிருக்கும். அன்றைக்குக் காலிக் குழியோடு எத்தனை அட்டை என் கண்ணில் தப்பிப் போயிருக்குமோ.

வந்து கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். படித்தால் எழுத்துதான் தெரிகிறது. உன் கோழி கிளறல் தெரிகிறது. அம்மா பேசவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன். சொல் உன்னிடம் இருந்து வந்துவிட்டது, குரல் எங்கேயும் இல்லை.

நெட்டை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "என்னடி, யாரு கடுதாசி?" என்றாள். ஊருக்குப் போன் பேசாதவள், யாரோடும் ஒட்டாதவள் என்று என்னை விட்டுவைத்திருந்தவள் அன்றைக்கு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டேன். "அந்த அம்மா பேசற வீடியோ, சத்தத்தோட, உன்கிட்ட பழசு ஏதாவது இருக்கா?"

இருந்தது. அவள் தம்பிக்குப் பிடிக்கும் என்று எப்போதோ போனில் சேமித்து வைத்திருக்கிறாள். அந்தப் படிக்கட்டு வீடியோதான். அம்மா பேசி முடித்ததும் ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

போடு என்றேன். போட்டாள். அவளுக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை போடு என்றேன். மறுபடியும் போடச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இது எங்கம்மாடி" என்றேன். நெட்டை போனைக் கட்டிலில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் துடைத்துக்கொண்டாள், ஏதோ அழுக்கைத் தொட்டுவிட்ட மாதிரி. பாவம், அவள் என்ன செய்வாள்.

நீ வெட்டின இடத்தில் அம்மா நிற்கிறாள். அதற்கு அடுத்த வார்த்தையிலிருந்து உன் கடிதம் தொடங்குகிறது. அதனால் அந்த வரியைக் கேட்டுவிட்டு, காதில் அது இருக்கும்போதே கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். "அத்தான், அவளைத் திட்டாதீங்க." வந்தது அக்கா. கொஞ்ச தூரம் அம்மாவாகவே வந்தது. கண்ணைத் தொறந்து பாரு என்கிற இடத்தில் நழுவிப்போச்சு, என் குரலாக மாறிவிட்டது. மறுபடியும் வீடியோவைப் போட்டு, மறுபடியும் படித்தேன். அடுத்த தடவை பன் வரைக்கும் வந்தாள்.

நான் அவளை எங்கேயாவது தூரமாகக் கூட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் தூரமாக வந்துவிட்டேன். பஸ்ஸில் வந்தேன், பக்கத்து சீட் காலியாக இருந்தது.

கேமராக்காரியிடம் சொன்னாளே, அந்த வரியையும் அம்மா குரலில்தான் படித்தேன். அதில் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. இருக்கும். உன் முகத்தைப் பார்த்தால் அதுதான் முதலில் வரும், ஆகவே இப்போதைக்கு நான் வரவில்லை. டெஸ்டை அப்புறம் பார்க்கலாம் என்று பெரியப்பாவிடம் சொல். பின் சீட்டை அவர் பெருக்க வேண்டாம்.

நெட்டை போனில் இருப்பதை எடுக்க வைக்காதே. எங்கேயாவது வேறு ஒன்று மிச்சம் இருந்து கண்ணில் பட்டாலும் விட்டுவிடு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இப்போது தினமும் வேலை விட்டு வந்ததும் நெட்டை செருப்பைக் கழற்றிவிட்டு என் கட்டிலுக்கு வந்துவிடுகிறாள். நான் கடிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வேன். அவள் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு வீடியோவைப் போடுவாள். அம்மா சொல்லி முடிக்கவும் கூட்டம் சிரிக்கத் தொடங்கவும் நடுவில் ஒரு மூச்சு இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் சரியாக நிறுத்த அவள் பழகிவிட்டாள். அவள் நிறுத்தினதும் நான் படிக்க ஆரம்பிக்கிறேன்.

சிணுங்கி